எர்த்து மாறிய வண்டி

ஆயிரத்து எண்ணூறு வெள்ளிக்கு வாங்கினோம்,
சிலிம் ரிவர் செம்பனை ஆலைக்குப் பின்னால்
கோழிகள் அடைந்துகொண்டிருந்த லேண்ட்ரோவரை.
கோழிக்கு விலை தனி என்றார் விற்றவர்.
இருக்கைக்கு அடியில் கிடந்த ஏழு முட்டை
நமக்குத்தான்.

சந்திரகாசனுக்கு அது முதுகுவலிக்கு மருந்து.
மூத்தவள் யோகவதிக்கு வெல்டிங் பழக ஒரு சாக்கு.
சின்னவன் நவநீதனுக்கு
வீட்டுக்கே வந்துவிட்ட போர்.
நான் கணக்கு எழுதுகிறவள்.
எந்தத் திருகு எந்தப் பால் டின்னில் என்பது
என் நோட்டுக்கு மட்டும் தெரியும்.

மேலுடம்பு அலுமினியம்.
எழுபது வருஷ மழை அதை ஒன்றும் செய்யவில்லை.
அடிச்சட்டம்தான் அப்பளம்.
யோகவதி சுத்தியலால் மெல்லத் தட்டினாள்,
சுத்தியல் உள்ளே போய் விழுந்தது.

எங்கள் ஸ்பேனர் ஒன்றும் சேரவில்லை.
பன்னிரண்டு வழுக்கும், பதினொன்று ஏறாது.
அந்தக் காலத்து வெள்ளைக்காரன் அளவு அது.
தஞ்சோங் மாலிம் பழைய இரும்புக் கடையில்
ஐந்து கிலோ ஸ்பேனரை
மீன் மாதிரி நிறுத்து வாங்கி வந்தோம்.

பேட்டரி இணைத்த ஞாயிறு, புகை.
மற்ற வண்டிக்கெல்லாம் எதிர்முனைதான் எர்த்து,
இதற்கு நேர்முனை.
இருபது வருஷம் லோரிக்கு ஒயரிங் செய்தவர்
தலையில் கை வைத்துச் சிரித்தார்:
"கோளாறு இல்ல புள்ள,
அன்னிக்கு இதான் சரி."

பிறகு உப்புத்தாள்.
ஆலையின் மஞ்சள் உதிர்ந்து தோட்ட ஆபீஸின் நீலம்,
நீலம் உதிர்ந்து பச்சை.
பச்சையில் வெள்ளையாய்ப் பாதி எண்,
மூன்றோ எட்டோ.
நவநீதன் குதித்தான்.
சுதந்திர தின ஊர்வலத்துக்கு அதே பச்சை,
அதே எண்,
மரத்தில் செய்த துப்பாக்கியும் ஒன்று.

ஆ சூன் கடையில் சாயம் கலக்கச் சொன்னோம்.
முதல் தடவை கீரை.
இரண்டாவது, பள்ளிக்கூடத்துக் கழிவறைக் கதவு.
மூன்றாவதை டின் மூடியில் தடவி
வெயிலில் காட்டியபோது
"அதேதான்" என்றான் நவநீதன்.
உள்ளிருந்து பழத்தட்டோடு வந்த ஆ சூனின் அம்மா
மூடியைப் பார்த்தார்.
தட்டைக் கல்லாமேல் வைத்துவிட்டு
திரும்ப உள்ளே போனார்.

ஏழு வயசு அப்போது, என்றார் ஆ சூன்.
முன்னால் இது, பின்னால் லோரி.
பன்றிக் கொட்டகையைத் திறந்துவிடக்கூட நேரம் தரவில்லை.
சடக்குக்கு ஏறும் முன்பே வீடு எரிந்தது.
சாயங்காலம் வேலிக்குள் இருந்தார்கள்,
புது ஊர் என்று பேர்.

எங்கள் லயத்தைச் சுற்றியும்
வேலி இருந்ததாகக் கேள்வி.
வாசலில் துப்பாக்கியோடு நின்றது யார்,
நம்மவர்களில் யாராவதா,
நான் யாரையும் கேட்டு வைக்கவில்லை.
கேட்க வேண்டியவர்கள் இப்போது இல்லை.

ராத்திரி சோற்றில் சண்டை.
வண்டி என்ன பாவம் செய்தது என்றான் சின்னவன்.
துடைத்தால் போச்சா என்றாள் யோகவதி,
சாயம் பூசினா வந்திடுமா என்றும் அவளே சொன்னாள்.
சந்திரகாசன் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்துபோய்
கார்புரேட்டரைக் கழற்றினார்.

நோட்டில் இப்படி இருக்கிறது:
பச்சை, ஐந்து லிட்டர், நூற்றுப் பத்து வெள்ளி.
திறக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை உறுமி எழுந்தது.
நாலு நிறக் கதவோடு
பாசார் மாலாம் பக்கம் ஒரு சுற்று போனோம்.
கம்பத்து இறக்கத்தில், ஆ சூன் கடைக்கு முன்னே,
யாரும் சொல்லாமலே சந்திரகாசன் சாவியை அணைத்தார்.
சத்தமில்லாமல் உருண்டது வண்டி.
வாசலில் அந்த அம்மா கங்கோங் ஆய்ந்துகொண்டிருந்தார்.
கை உயர்ந்தது.
எங்களுக்கா, ஈயை ஓட்டவா,
வீடு வரும்வரை அதைத்தான் பேசினோம்.

வீடு வரும்வரை என்றால்,
தள்ளிக்கொண்டு.
மறுபடி அது கிளம்பவேயில்லை.
கையால் சுழற்றிக் கிளப்பும் கம்பி
கொட்டகையில், மூன்றாவது டின்னுக்குப் பக்கத்தில்.
எடுத்து வைக்க மறந்தது நான்தான்.
அதையும் எழுதிவைத்தேன்.