நேரம் தெரியாத பெட்டி

பதினொன்றரைக்கு
எல்லாம் ஏறிவிட்டது, இனி மீளத் தொடங்கலாம் என்றது.
கோண்டாவில் பக்கம் மின்னல் வெட்டியது.
பெட்டியை நிறுத்தி, பிளக்கையும் கழற்றிவைத்து
இடி ஓயுமட்டும் தேத்தண்ணி குடித்தேன்.
நான் செய்தது அவ்வளவுதான், சத்தியமாய்.

பிறகு செருகினால்
காற்றாடி சுற்றுகிறது, பச்சை விளக்கு எரிகிறது,
நாலு தட்டும் ஒவ்வொன்றாய்த் தொண்டையைச் செருமுகின்றன.
திரையில் மட்டும், இடது மூலையில், ஒரு சின்னக் கோடு
வந்து போகிறது, வந்து போகிறது
கடன் கேட்க வந்து வாய் திறக்காதவன் மாதிரி.

உள்ளே எட்டுக் கலியாணம்.
மூன்று சாமத்தியம்.
மானிப்பாயில் ஓர் ஐம்பதாவது பிறந்தநாள்,
கேக் வெட்டினவர் போன மாதம் செத்துப்போனார்.
வியாழக்கிழமை விமானம் ஏறுகிற
சுடர்மதியின் தாலிகட்டு, இன்னும் வெட்டித் தொகுக்காமல்,
ஒரே பிரதி.
இன்னோர் இடத்திலும் வையுங்கோ என்று
ஊருக்கெல்லாம் சொல்லுகிறவள் நான்.

வவுனியா ஆஸ்பத்திரியில் இரவுக் கடமையில் நின்ற பிரணவன்
"புதுசுதான் பிழை, பழசுக்குத் திரும்பு" என்றான்.
திரும்புற பட்டியலைக் காட்டவே
அது முதலில கண் முழிக்க வேணுமேடா.
"அப்ப பென்டிரைவில திருப்பிப் போடு.
தட்டுகளைக் கழட்டிப்போட்டுச் செய், மாறி அழிச்சிடாதை."

மாஸ்கிங் டேப் கிழித்து
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எழுதி ஒட்டி
கட்டிலில் அடுக்கினேன். மூன்றாவது இன்னும் சூடு.
மழைக்கு உள்ளே வந்த பூனை அதன்மேல் படுக்கப் பார்த்தது.

பென்டிரைவையும் அது மதிக்கவில்லை.
டிலீட் விசையை அமத்தி அமத்தி
நீலப் பக்கத்துக்குள் போனபோதுதான்
மேலே சிறிய எழுத்தில் கண்டேன்:
ஒரு மணித்தியாலமாய் நான் கெஞ்சிக்கொண்டிருந்த பெட்டிக்கு
அது இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி ஒன்று,
நள்ளிரவு தாண்டி நாலு நிமிடம்.

பலகை செய்த ஆண்டாய் இருக்கும்.
அதற்கு வேறொன்றும் தெரியாது.
எனக்கு அப்போது பதினாறு.
எங்கள் வீட்டில் அந்த ஆண்டை ஒருவரும் இலக்கமாய்ச் சொல்வதில்லை.
'அந்த நேரம்' என்போம்.
பிறகு ஆராவது அடுப்பைப் பார்க்க எழும்பிப் போவார்கள்.
பெட்டிக்குள் இன்னும் ஒன்றும் தொடங்கவில்லை.
எல்லோரும் இருக்கிறார்கள்.

விசைப்பலகையில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஐந்து நிமிடமானது.
ஆறு.

பலகையில் இருந்த பற்றரி எப்பவோ செத்துவிட்டது.
யூபிஎஸ் தயவில் மூன்று வருடம் கரண்ட் அறுபடாததால்
எனக்கும் தெரியவில்லை, அதற்கும் தெரியவில்லை.
பிளக்கைக் கழற்றிய கணம்
திகதியோடு எல்லாம் போயிற்று:
எதிலிருந்து துவங்குவது, தட்டுகளோடு எந்த முறையில் பேசுவது.
புதுசில் ஒரு பிழையும் இல்லை.
இடிக்குப் பயந்த கைதான்.

விடியப்புறம் இரண்டு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?
தங்கச்சியின் கேக் தராசைக் கவிழ்த்து
மூடியை நகத்தால் நெம்பினேன்.
ஒரு ரூபாய்க் குத்தி அளவு. அதே இலக்கம்.

ஆண்டைக் கூட்ட பிளஸ் விசை.
ஓர் அமத்தலுக்கு ஓர் ஆண்டு.
ஒன்பதிலிருந்து பத்துக்குப் போகத்தான்
கொஞ்சம் நேரமெடுத்தது.

மூன்றாவது தட்டைக் கடைசியாகக் கொளுவினேன்,
பூனையைத் தூக்கிவிட்டு.
எழுத்துகள் மளமளவென்று இறங்கின.
நாலும் நலம் என்றது.
சுடர்மதியைத் திறந்தேன்: நாயனக்காரரின் உப்பிய கன்னம்,
பின்னால் ஆரோ ஒரு பெடியன் கொட்டாவி விடுகிறான்.
உடனே இன்னொரு தட்டுக்குப் பிரதி போட்டேன்.
ஆறு மணித்தியாலம் காட்டியது. காட்டட்டும்.

விடிய யசோ குசினியிலிருந்து கத்தினாள்:
"என்ர தராசுக்கு என்ன நடந்தது?"
"கண்ணளவில போடடி இண்டைக்கு."

நடுவில் கொஞ்சம் பதிந்துதான் போனது கேக்.
ஐசிங் பூசி மறைத்தாள்.