கைப்பொதி

இரவு ஒன்பதரைக்கு பஸ்.
பரந்தனில் கரண்ட் இருக்கிறது, ஃபான் சுற்றுகிறது,
கட்டிலில் நிலஅளவைக் கருவி
மஞ்சள் பெட்டிக்குள் வாய் திறந்து கிடக்கிறது.
மாலைதீவில் ஒரு தீவை அளக்க வேண்டும்.
போன வருசம் கடலாக இருந்த தீவு.
மண் கொட்டி நிரப்பிவிட்டு
எல்லை எங்கே என்று கேட்கிறார்கள்.
எல்லை கேட்கிற இடமெல்லாம் எனக்கு வேலை.

முக்காலி பெரிய பொதிக்குள் போகலாம்.
அதன் இரும்பு நுனிகளில் முரசுமோட்டைச் சேறு;
பழைய பிரஷ்ஷால் தம்பி கோபிதரன் தேய்க்கிறான்.

லேசரைப் பற்றி விமானக் கம்பனி
பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.
அணைத்து வை, தானாக எரியாதபடி வை.
எனக்கு வேறொரு விதி இருக்கிறது,
எந்தத் தாளிலும் இல்லாதது.

போன ஆவணியில், அண்ணன் தம்பி இரண்டு பேர்,
நடுவில் தலையில்லாத ஒரு பனை.
அது இந்தக் காணியா அந்தக் காணியா.
கருவியைத் திருப்பினேன். சிவப்புப் புள்ளி
கிணற்றுக் கட்டில் ஏறி
வேலிக் கதியாலில் ஏறி
மூத்தவர் கனகலிங்கத்தின் வெள்ளை பெனியனில்
நெஞ்சுக்கு நடுவில் நின்றது.
குனிந்து பார்த்தார்.
பிறகு அசையவில்லை.
இரண்டு கையும் மெல்ல மேலே போனது.
பக்கத்து வயலில் யாரோ மோட்டரை நிறுத்தினார்கள்.
அணைத்துவிட்டேன் ஐயா என்றேன்.
அணைத்துவிட்டேன்.
கை இறங்க நேரம் எடுத்தது.
எல்லை பதினொரு சென்ரிமீற்றர் தம்பியின் பக்கம் போனது;
அவர் ஒரு வார்த்தை வாதாடவில்லை.
அன்றிலிருந்து ஆள் நிற்கிற பக்கம்
நான் மூடியைக் கழற்றுவதில்லை.

பற்றறி நாலு.
பெரிய பொதிக்குள் போடவே கூடாது,
கையோடு, மடியோடு வர வேண்டும்.
ஒவ்வொரு முனைக்கும் கறுப்பு ரேப்,
ஒவ்வொன்றுக்கும் தனிப் பை.
ஒன்றையொன்று தொட்டால் தீ.
ஏழு தசம் நாலு வோல்ற், பெருக்கல் ஐந்து தசம் எட்டு:
நாற்பத்து மூன்று வாட்-மணி. நூறுக்குள்ளே. சரி.
கோபிதரன் கணக்கை இரண்டாந்தரம் போடுகிறான்.

அம்மா கதவு நிலையைப் பிடித்தபடி:
"பற்றறியைக் கையில வெளியா கொண்டுபோகலாமோ?"
"காட்டித்தான் கொண்டுபோக வேணும் அம்மா."
அவ சிரிக்கவில்லை.

தொண்ணூற்றாறு, தாண்டிக்குளம்.
அரிசிமா மூட்டைக்குள் இரண்டு பென்ரோச் பற்றறி.
சுவர் மணிக்கூட்டுக்கு.
அது பத்து இருபதில் நின்று நெடுநாள்;
உப்புத் தண்ணியில் அவித்த பற்றறிக்கு
ஒரு கிழமைதான் உயிர்.
கம்பி மாவுக்குள் இறங்கி எதிலோ தட்டியது.
நாலு மணித்தியாலம் அவவை வெயிலில் வைத்திருந்தார்கள்.
மாவைத் தார் ரோட்டில் கொட்டி
பூட்ஸ் நுனியால் பரப்பிப் பார்த்தார்கள்.
எனக்கு வயது பன்னிரண்டு.
மூக்கில் மா. தும்மப் பயம்.
அதற்குப் பிறகு நேரம் தெரியாமலே நாங்கள்
ஒவ்வொரு இடமாக எழும்பிப் போனோம்.

ஒன்பது மணி.
அம்மா ஒரு பார்சலோடு வருகிறா:
வறுத்த அரிசிமா, இரண்டு கிலோ,
தீவில் புட்டு அவிக்க.
கைப்பொதியின் சிப்பை இழுக்கிறா,
பற்றறிகளுக்குப் பக்கத்தில் இடம் பார்க்கிறா,
கையை எடுத்துக்கொள்கிறா.
"இதுக்குள்ள வேண்டாம், என்ன?"
மா பெரிய பொதிக்குள் போகிறது,
முக்காலியின் கால்களுக்கு நடுவே.

கோபிதரன் கதிரையில் நிமிர்ந்து இருந்து
விமான நிலைய அதிகாரியாகிறான்.
"பெட்டியை நீங்களேதான் அடுக்கினீங்களா?"
ஓம்.
"வேற ஆராவது ஏதாவது தந்துவிட்டவையா?"

நான் வாய் திறக்க முதல்
அம்மா சொல்கிறா,
நிலத்தைப் பார்த்தபடி, மிகவும் அமைதியாக:
"இல்லை ஐயா.
ஒருத்தரும் ஒண்டும் தரேல்லை."