பிரதி: பதினொரு பேர்

கொம்பனித்தெரு, ஆறாம் மாடி.
வெள்ளி, நாலு ஐம்பது.
கொள்கலன் இலக்கத்தில் ஒரு பூச்சியம் குறைவு.
அவ்வளவுதான்.

பஸ்மினாவின் மேசை
என் முதுகுக்குப் பின்னால்.
கதிரையைத் திருப்பியிருந்தால் போதும்.

நான் மின்னஞ்சல் எழுதினேன்.
சீசீயில் அபேகோன் சேர்,
துறைமுகப் பிரிவு, கணக்குப் பிரிவு முழுவதும்,
சிங்கப்பூரில் முகம் தெரியாத இருவர்.
'தங்கள் தகவலுக்காக' என்று முடித்தேன்.
தகவலுக்காகத்தானா?
விரல் ஒருகணம் நின்றது.
பிறகு அழுத்தியது.

பின்னால் விசைப்பலகை ஓசை அடங்கிற்று.
பேர வாவிப் பக்கமிருந்து மழை
கண்ணாடியில் ஏறி வந்தது.
மறுபடி தட்டும் சத்தம்,
மெதுவாக.

பதில் எனக்கு மட்டும்:
'திருத்திட்டன்.
போன மாசம் நீங்க விட்ட பிழை
இதைவிடப் பெரிசு.
உங்கட காதில மட்டும்தான் சொன்னன்.'

சீசீ.
வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
தமிழில் அது
வேறு சொல்.

கதிரையைத் திருப்பினேன்.
குடை இல்லை. அவள் இல்லை.
ஐந்து பத்து ரயிலுக்கு ஓடியிருப்பாள்.

திரையில் டிங் என்றது:
சிங்கப்பூரிலிருந்து தானியங்கிப் பதில்,
திங்கள் வரை விடுமுறையாம்.