கால் அங்குலச் சரிவு

பேஸ்மென்ட் தரையில் பென்சிலால் ஒரு கோடு.
இந்தப் பக்கம் ஈரம். அந்தப் பக்கம் உலர்வு.
நடுவில் ஓர் ஆள் திரும்புமளவு இடம்.
இருட்டில் திரும்பப் போகிறவன் நான்தானே,
கண்ணை மூடிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.
முழங்கை சலவை இயந்திரத்தில் இடித்தது.
கோட்டை அழித்து
நாலு அங்குலம் தள்ளிப் போட்டேன்.

பகல் முழுதும் தொழிற்சாலையில் ஜன்னல் செய்கிறவன்
வீட்டில் கீழே இருந்த ஒரேயொரு ஜன்னலைப்
பலகை அறைந்து மூடிவிட்டேன்.
அதைப் பற்றி நேற்றே பேசி முடித்தாயிற்று.

ஸ்டைன்பாக்கில் ஜனவரி.
குழாயில் வருவது நாலு பாகை,
எனக்கு வேண்டியது இருபது.
இடையில் ஒரு கலப்பு வால்வு,
என்னுடைய இரண்டு கமெராக்களையும் விற்றால் வாங்கலாம்.
வாங்கினாலும், மேலே சுபத்திரா குளித்தால்
கீழே டெவலப்பருக்குக் குளிர் பிடிக்கும்.
"அப்ப நான் எப்ப குளிக்கிறது?"
அட்டவணையில் அதற்கும் ஒரு கட்டம் வரைந்தேன்.
அவள் அதைப் பார்த்த பார்வையை வரையவில்லை.

ரோடெல் வந்தார், பிளம்பர்.
வீட்டின் கழிவுக்குழாய் சுவரில் வெளியேறும் இடத்தை
டோர்ச் அடித்துப் பார்த்து
பல் வைத்தியரைப் போல 'ம்' என்றார்.
தரையிலிருந்து நாலடி உயரம்.
தண்ணீர் பள்ளத்தைத் தேடும்; சரி.
நாங்கள் நிற்பதே பள்ளம்,
இனி எங்கே தேடும்?
ஒரு பெட்டி, அதற்குள் ஒரு பம்ப், ஒரு மிதவை:
ஆயிரத்து இருநூறு டொலர்.
"பிக்சரை மட்டும் இதில் ஊற்றாதே" என்றார்.
தோட்டத்தில் புதைந்த தொட்டிக்குள்
கோடிக் கிருமிகள் சம்பளமில்லாமல் வேலை செய்கின்றனவாம்.
அவற்றைக் கொன்றால் வசந்தத்தில் தெரியும்,
மூக்குக்கு.
ஒரு சிவப்புக் கலன் எழுதிக்கொண்டேன்,
இறுக்கமான மூடியோடு.

"தொட்டி எவ்வளவு நீளம்?"
மூன்று தட்டு, ஒரு கழுவும் இடம்.
"எந்த அளவுத் தட்டு?"

எட்டுக்குப் பத்து என்றால் நாலடி போதும்.
பதினாறுக்கு இருபது என்றால் ஏழடி,
சலவை இயந்திரம் இடம்பெயர வேண்டும்.
அளவுநாடாவை இழுத்துப் பிடித்தபடி நின்றார் ரோடெல்.
ஐம்பத்தொரு வயதில் ஒருவன்
தான் இனி எடுக்கப்போகும் மிகப்பெரிய படம் எது என்று
அடிக்கணக்கில் சொல்ல வேண்டியிருக்கிறது.
இதுவரை எடுத்தவை:
கீறல் விழுந்து ஒதுக்கிய கண்ணாடிகள்.
இரவுவேலை முடிந்து
கார்களில் பனி சுரண்டும் கைகள்.
எவரும் இவற்றைப் பெரிதாகக் கேட்டதில்லை.
சின்னதாகவும்தான்.

"ஐந்து..." என்று தொடங்கினேன்.

படியில் நின்ற சுபத்திரா சொன்னாள்:
"ஏழு எண்டு சொல்லுங்கோ.
பிறகு உடைச்சுக் கட்ட
நான் காசு தரமாட்டன்."
தமிழ் தெரியாத ரோடெல்
அவள் விரித்த விரல்களை எண்ணி எழுதினார்.

அடிக்குக் கால் அங்குலச் சரிவு.
ஏழடிக்கு ஒன்றேமுக்கால்.
இரண்டு மரக்குதிரைகளில் ஒட்டுப்பலகையை வைத்து,
ஒரு முனைக்குக் கீழே பழைய டெலிபோன் புத்தகம் சொருகி,
மேல்முனையில் அரைக் கோப்பை தண்ணீர் ஊற்றினேன்.
கொஞ்சம் நின்றது.
ஒரு ஆணியடியில் தயங்கியது.
பிறகு ஏழடியும் போய்
வடிகால் துளை இருக்க வேண்டிய,
இன்னும் துளைக்காத இடத்தைத் தாண்டி
ரோடெலின் இடது சப்பாத்தில் விழுந்தது.

"சரிவு சரி" என்றார்.