ஏழாம் எண்

சாட்ஸ்வர்த். ஆட்டத்துக்கு முந்தைய இரவு.
இருபத்திரண்டு பேருக்கும் செய்தி போக வேண்டும்:
காலை ஏழரை, வெள்ளைக் காலுறை.
பைதான் படிக்கத் தொடங்கி மூன்று வாரம்.
நானே எழுதிப் பார்த்தேன்.

ஏழாவது பெயர் கிரிசன் நாயக்கர்,
ஜெர்சிப் பணத்தை விழுங்கியவன்.
அவன் வந்தால் விட்டுவிடு என்றேன்.
விட்டுவிடுவதற்கு அந்த மொழியில் சொல்
'தொடர்'.
சிரித்துக்கொண்டேன்.

சிவேன், லோகன், டெசிகன்...
ஆறு பேருக்குப் போயிற்று.
அப்புறம் அசைவில்லை.
விசிறி இரைகிறது, மடி சுடுகிறது.
எட்டாமவன் போனில் கத்துகிறான்:
நாளைக்கு ஆட்டம் உண்டா, இல்லையா?

பிழை என்று திரை எதுவும் சொல்லவில்லை.
விரல் வைத்து வரிவரியாகப் போனால்
ஒன்று கூட்டும் வரி
விடச்சொன்ன வரிக்குக் கீழே கிடக்கிறது.
ஏழு. விடு.
மறுபடி ஏழு. விடு.
ஏழு.
பத்து நிமிடமாக
கிரிசனைத் தவிர வேறு யாரையும்
நினைக்கவில்லை என் கணினி.

பத்து மணிக்கு மின்வெட்டு.
அதற்குள் அந்த வரியை மேலே தூக்கினேன்.
முதலில் அவனை எண்ண வேண்டும்,
பிறகுதான் விட முடியும்.

அனுப்பியது இருபத்தொன்று.
எண்ணியது இருபத்திரண்டு.

காலையில் இடது பின்வரிசையில் ஆளில்லை.
அந்தப் பக்கமாகவே
இரண்டு கோல் வாங்கினோம்.