சுண்ணாம்பு நீர், ஒரு மதிப்பெண்

நாளை அறிவியல்.
சின்னப்பாலத்தில் கரண்ட் இல்லை.
உயிர்ச்செயல்கள் ஏழில் ஆறு வந்துவிடுகிறது.
ஏழாவதைப் பிடிக்கும்போது முதலாவது நழுவுகிறது.

அருள் ஜெனோவா கேட்கிறாள்:
"துருப்பிடித்தல் என்ன மாற்றம்?"
எங்கள் ஜன்னல் கொண்டியைக் கேள்,
நாலே வருஷத்தில் பக்கோடா மாதிரி உதிர்கிறது.
"பனிக்கட்டி உருகுதல்?"
மீன்பெட்டியைக் கேள்.
"பாசி காய்தல்?"

அங்கேதான் சண்டை.
தண்ணீர் போகிறது, அவ்வளவுதான்,
இயற்பியல் மாற்றம் என்கிறாள்.
கருஞ்சிவப்பாய் விரித்த மரிக்கொழுந்துப் பாசி
மூன்றாம் நாள் வைக்கோல் நிறமாகி
தெருவையே நாறடிக்கிறதே,
அதைத் திரும்பச் சிவப்பாக்கு பார்ப்போம் என்கிறேன்.
புத்தகம் இருவருக்கும் உதவவில்லை.

போன வாரம்
மாதா கோயில் வெள்ளையடிப்பில் மிஞ்சிய
கல்சுண்ணாம்பை டிபன் பாக்ஸில் கொண்டுவந்தாள்.
சிப்பி சுட்ட சுண்ணாம்பு.
மண்சட்டியில் இட்டுத் தண்ணீர் ஊற்றினோம்.
அடுப்பில்லை, தீயில்லை,
சட்டி சீறிக் கொதித்தது.
"வெப்ப உமிழ் வினை!" என்று ஜெனோவா
வாசல்வரை ஓடிப்போய்
அங்கிருந்து சொன்னாள்.

ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு
மேல்நீரை ஊறுகாய் பாட்டில்களில் இறுத்தோம்.
பார்த்தால் வெறும் தண்ணீர்.
ஜூஸ் குழல் வைத்து ஊதினேன்,
அரிசி களைந்த அளவுக்குக் கலங்கியது.
ஜெனோவா ஊதினாள், அதே அளவு.

அம்மா அப்போதுதான் வந்தாள்,
விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டு,
நெற்றியில் முகக்கண்ணாடி பதிந்த வளையத்தோடு.
எண்பது எண்ணும்வரை மூச்சைப் பிடித்துக்
கடலடியில் பாசி பிய்க்கிறவள்.
"நான் ஊதினா என்ன தருவே?"
"முதல்ல பிடி" என்றேன்,
"தண்ணிக்குள்ள பிடிக்கிற மாதிரி."

நின்றாள். ஜெனோவா எண்ணினாள்.
நாற்பதில் ஒரு பூனை குறுக்கே போனது.
அறுபதில் அம்மாவின் கழுத்து நரம்பு மட்டும் அசைந்தது.
எழுபத்துமூன்றில் ஊதினாள்.

ஒரே மூச்சு.
பால்.

நாங்கள் கத்திய கத்தலுக்கு
பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி அறுத்துக்கொண்டு ஓடியது.

போட்டி என்றால் அம்மாவுக்கு நிறுத்தத் தெரியாது.
ஊதினாள், இழுத்தாள், மறுபடி ஊதினாள்.
பால் மெலிந்து நீர்மோராகி
நீர்மோர் மெலிந்து
ஒன்றுமே இல்லாமல் போனது.
"கெடுத்திட்டியேம்மா!"
வனத்துறைப் படகைக் கண்டதும்
மூட்டையைத் தண்ணீரில் நழுவவிடுவாளே,
அந்த முகத்தோடு
குழலை வாயிலிருந்து எடுத்தாள்.

சூடு பண்ணிப் பார்ப்போம் என்றது ஜெனோவா.
வேறொன்றும் தோன்றாததால் சொன்னதாம்,
பிறகு ஒப்புக்கொண்டாள்.
சிலிண்டர் தீருகிற நாள். நீலத்தீ முழங்காலிட்டு எரிந்தது.
பாத்திரத்தின் ஓரங்களில் குமிழ் கிளம்பியது,
எதையோ விட்டுவிடுகிற மாதிரி.
அப்புறம் மெல்ல, மிக மெல்ல,
திரும்ப வெள்ளை.

ஆறியதும் அடியில் படிந்த மாவை
அம்மா ஒரு விரலால் தொட்டாள்.
"இது என்னது?"
"சிப்பிதாம்மா. சுட்டப்போ அதுலேர்ந்து போன காத்தை
நீ ஊதி ஊதித் திருப்பிக் குடுத்திட்டே."
"அப்ப எம் மூச்சு இதுல கிடக்கா?"
"கிடக்கு."
விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"பாத்திரத்தை நல்லாக் கழுவி வை,
கணவாய்க் குழம்புக்கு வேணும்."

காலையில் வினாத்தாள்.
ஏழாம் கேள்வி:
சுண்ணாம்பு நீரைப் பால்போல மாற்றும் வாயு எது?
ஒரு மதிப்பெண்.
கோடு மூன்று விரல் அகலம்.
பூனைக்கு இடமில்லை, நீர்மோருக்கு இடமில்லை,
எழுபத்துமூன்றுக்கு இடமில்லை.
கார்பன் டை ஆக்சைடு என்று எழுதினேன்.

பாசியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
முன்பெஞ்சில் ஜெனோவா
மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள்.
நான் எண்ண ஆரம்பித்தேன்.