பதினைந்தாம் பிரிவு

பதினெட்டுப் பிரிவும் நான்தான் தமிழாக்கினேன்.
சந்திவெளியில், சுனாமிக்கு அடுத்த மாரியில்,
மண்ணெண்ணெய் மணக்கும் மேசையில்.
ஆயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டில்
துவக்கைத் தொடாத ஒல்லாந்தர் எழுதிய விசுவாச அறிக்கை.
ஆறு வருசம் கழித்து
வேறு ஒல்லாந்தர் பீரங்கியோடு வந்து
மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள்.

பதினான்கு: பழிவாங்காதே, ஆயுதம் எடுக்காதே.
அரை மணித்தியால வேலை.
பதினைந்தில் நின்றுவிட்டேன்.
அவர்கள் மொழியில் இரண்டு சொல்,
நமக்கு ஒன்றுதான்.
சத்தியம் சொல். சத்தியம் பண்ணாதே.
ஒரு கிழமை மல்லுக்கட்டிவிட்டு
அப்படியே விட்டேன்.

கோமளேஸ்வரியின் மகன் பதினான்கை நம்பினான்.
துவக்குத் தூக்கமாட்டேன் என்றான்.
ஒருமுறைதான் சொன்னான்.
இரண்டு மோட்டார் சைக்கிள் வந்தது.

பிறகு, வெகுகாலம் பிறகு, ஆணைக்குழு வந்தது.
சத்தியக் கடதாசி கேட்டார்கள்.
போதகர் எப்பிராயீம் புத்தகத்தைத் திறந்தார்.
என் வரியைத்தான் வாசித்தார்,
நிறுத்தி நிறுத்தி.
பதினைந்து, கையெழுத்து வைக்காதே என்றது.
பதினேழு, வைத்தவளோடு
ஒரு கோப்பையில் சாப்பிடாதே என்றது.

சபை இரண்டானது.
ஒரு பாதி பதினெட்டையும் பாடமாக்கியது;
பெண்களின் முக்காடு ஒரு சாண் நீண்டது.
மறுபாதி பதினான்கை மட்டும் கிழித்தெடுத்துப்
பதாகையில் ஒட்டியது.
கல்லடி ஹோட்டலில் சமாதானப் பயிற்சி,
புரியாணி, போக்குவரத்துச் செலவு.
கால் கழுவுகிற பேசினை இரண்டு பேரும் கேட்கவில்லை.
என் வீட்டு ஒழுக்குக்குக் கீழே கிடக்கிறது.

புதுப் பதிப்புக்கு இரு தரப்பும் வந்தார்கள்.
இவர்களுக்கு ஓர் எழுத்தும் மாறக்கூடாது.
அவர்களுக்குப் பதினேழே இருக்கக்கூடாது.
தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

அவள் வரவில்லை.
நீதிமன்றத்தடி மரத்தின் கீழ்
தட்டச்சுக்காரன் வழி சொன்னானாம்:
"சைவம் எண்டு போடுவமா அக்கா?
வேதக்காரருக்குத்தான் சத்தியம்.
சைவத்துக்கு உறுதி உரைச்சாப் போதும்."
"அது பொய்யெல்லே தம்பி" என்றாளாம்.

இருக்கிறதை இருக்கு என்று சொல்,
இல்லாததை இல்லை என்று சொல்,
அதற்கு மேல் வேண்டாம்.
அந்தப் பிரிவு அப்படித்தான் முடிகிறது.
மிக எளிதாக வந்த வரி அது.

மகனின் பெயரை அடித்துவிட்டுத்
தட்டச்சுக்காரன் விரலை எடுக்காமல் இருக்கிறான்,
இரண்டில் எது என்று
அவள் சொல்லும்வரை.